இந்தக் குருவிக்கு எந்த ஊரு?

எங்கள் ஆபீஸில் வேலை நடக்கிறதோ இல்லையோ, பதினொரு மணிக்கு டீ நடக்கும். மூன்றாவது மாடி. மேற்குப் பார்த்த ஜன்னல். வெளியே வரிசையாக மின்கம்பி. அதற்கு அப்பால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் மிச்சமிருக்கும் பச்சை. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மேனேஜர் நம்மைப் பார்க்காதவரை.

போன வருஷம் புரட்டாசி கடைசியில் ஒரு நாள் பார்த்தால், கம்பி முழுக்கக் குருவி! சின்னச் சின்னதாக, ஆளுக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு, ஸ்கூல் அசெம்ப்ளி மாதிரி ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

"என்ன குருவி சார் இது?" என்றான் டெஸ்பாட்ச் தம்பி.

பொதுவாகத்தான் கேட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பாருங்கள், எங்கள் செக்‌ஷனில் கிராமத்தில் பிறந்தவன் நான் ஒருத்தன்தான். மாடு, மழை, மாங்காய் சம்பந்தப்பட்ட சகல விஷயங்களுக்கும் நான்தான் அத்தாரிட்டி. பதவியை விட்டுக்கொடுக்க முடியுமா?

"கரிச்சான்" என்றேன். "இரட்டைவால் குருவின்னும் சொல்லுவாங்க. வாலைப் பாரு, ரெண்டா பிரிஞ்சிருக்கு."

"எனக்கென்னவோ வௌவால் குட்டி மாதிரி தெரியுது" என்றார் கேஷியர். ரூபாய் நோட்டில் அச்சடித்திருந்தால் ஒழிய அவருக்கு எந்தப் பிராணியையும் அடையாளம் தெரியாது.

அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். "சார், அது கரிச்சான் இல்லை."

"என்னம்மா நீ! நான் கிராமத்துல..."

"கரிச்சானுக்கு வயிறும் கறுப்பா இருக்கும் சார். இதுக்கு வயிறு வெளுப்பா இருக்கு. தொண்டை சிவப்பு."

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் தூங்கும்போது பைனாகுலரோடு ஏரி ஏரியாகச் சுற்றுகிற ஜாதி அவள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் தும்மல் வந்த மாதிரி ஏதாவது செய்து சமாளித்திருப்பேன்.

"அப்ப இது என்னன்னு நீயே சொல்லு" என்றேன்.

"நான் சொன்னா மறந்துடுவீங்க சார். நீங்களே கண்டுபிடிங்க. ஒரு வாரம் டைம். பேரும் சொல்லணும், ஊரும் சொல்லணும். சொல்லிட்டா செக்‌ஷனுக்கே நான் பிரியாணி வாங்கித் தரேன். இல்லேன்னா நீங்க."

செக்‌ஷனில் பதினாலு பேர். அதில் நாலு பேர் ஒன்றரை பிரியாணி சாப்பிடுகிறவர்கள். எனக்கு அப்போதே லேசாக வியர்த்தது.

* * *

ஒரு குருவிக்குப் பேர் கண்டுபிடிப்பது போலீஸ் வேலை மாதிரி. இவன்தான் குற்றவாளி என்று முதலில் முடிவு செய்யக் கூடாது. இவனில்லை, அவனில்லை என்று ஒவ்வொருத்தராக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் ஸ்டேஷனில் யார் மிச்சமோ அவர்தான்.

முதலில் கரிச்சானை அனுப்பினேன். அது நெற்றியிலிருந்து வால் வரை முழுக் கறுப்பு. கம்பியில் தனியாக உட்காரும். ஒரு பூச்சியைப் பார்த்தால் பாய்ந்து பிடித்துவிட்டு, பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும், ரிசர்வ் பண்ணின சீட் மாதிரி. நம் ஆட்கள் அப்படியில்லை. கூட்டமாக எழும்பி, பத்து நிமிஷம் காற்றிலேயே சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி வந்து உட்காருகின்றன. பந்தியே ஆகாயத்தில்தான்.

அடுத்த சந்தேகம், உழவாரன். புல் செதுக்குகிற உழவாரம் இருக்கிறதே, அந்த மாதிரி வளைந்த இறக்கை. பனைமரத்தைச் சுற்றிக் கீச்கீச்சென்று பறப்பது பனை உழவாரன். பாலத்துக்கு அடியிலும் கோயில் கோபுரத்திலும் கூட்டமாகக் குடியிருப்பது இன்னொரு வகை. அதுவும் நாள் முழுக்கப் பறந்துகொண்டே பூச்சி பிடிக்கிற ஆசாமிதான். தூரத்தில் பார்த்தால் நம் குருவி மாதிரியே இருக்கும்.

ஆனால் உழவாரனுக்கு ஒரு குறை உண்டு. கால் இத்தனூண்டு. சுவரில் தொற்றிக்கொள்ளத்தான் லாயக்கு. கம்பியில் உட்காரவே முடியாது. நாம் பஸ்ஸில் சீட் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறோமே, அதுதான் அதன் வாழ்க்கை.

அப்படியானால் மிச்சம் இருப்பது தகைவிலான் குடும்பம். கம்பியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தால் தகைவிலான். உட்காரத் தெரியாவிட்டால் உழவாரன். இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்கள் ஆபீஸில் நீங்கள்தான் அத்தாரிட்டி!

பிரியாணி பாதி வந்துவிட்டது என்று நினைத்தேன். அங்கேதான் அடுத்த சிக்கல். தகைவிலானிலேயே அண்ணன், தம்பி, சித்தப்பா பையன் என்று பல பேர்.

கம்பிவால் தகைவிலான் என்று ஒருவர். தலையில் செம்பழுப்புத் தொப்பி, தொண்டையிலிருந்து வயிறு வரை சலவை வெள்ளை, வாலில் கம்பி மாதிரி இரண்டு இழை. தண்ணீர்ப் பக்கமாகவே இருப்பார். வருஷம் முழுக்க நம்மோடுதான். இன்னொருவருக்கு முதுகு முடிந்து வால் ஆரம்பிக்கிற இடத்தில் செங்கல் நிறத்தில் ஒரு திட்டு. திரும்பி உட்கார்ந்தால் மாட்டிக்கொள்வார். மூன்றாமவர் நீலகிரி மாதிரி மலைகளிலும் இலங்கை மலைநாட்டிலும் நிரந்தரக் குடித்தனம். தொண்டை சிவப்பு உண்டு, ஆனால் அதற்குக் கீழே கறுப்புப் பட்டை கிடையாது, வாலும் குட்டை.

நம் கம்பிக்கு வந்தவரின் அங்க அடையாளங்களைப் பாருங்கள். முதுகு கருநீலம், வெயில் பட்டால் புது சைக்கிள் மாதிரி மின்னும். நெற்றியும் தொண்டையும் வெற்றிலை போட்ட சிவப்பு. அதற்குக் கீழே மார்பைச் சுற்றி, மார்கழி மாதத்து மஃப்ளர் மாதிரி ஒரு கருநீலப் பட்டை. வயிறு மங்கிய வெள்ளை. வால் ஆழமாகப் பிளந்திருக்கும். ஓரத்து இறகு இரண்டும் ஊசி மாதிரி நீளும். பறக்கும்போது வாலை விரித்தால், ஜன்னல் வைத்தது போல வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். நீளம் வாலோடு சேர்த்து 17-லிருந்து 19 சென்டிமீட்டர். எடை சுமார் 20 கிராம், நாலைந்து ரூபாய் நாணயங்களின் கனம். அவ்வளவுதான்.

சிலதுக்கு வால் நீளமில்லை, தொண்டையும் வெளிறிக் கிடந்தது. வேறு ஜாதியோ என்று பயந்துவிட்டேன். இல்லை, அந்த வருஷம் பிறந்த குஞ்சுகள்! பிறந்து சில மாதம்தான் ஆகிறது. அதற்குள் வெளியூர் டூட்டி.

பேர் கிடைத்துவிட்டது: தகைவிலான். அடைமொழி எதுவும் வேண்டாம். உலகத்தில் தகைவிலான் என்று பொதுவாகச் சொன்னால் இவரைத்தான் சொல்வார்கள். 1758-ல் லின்னேயஸ் என்கிற ஸ்வீடன்காரர் ஹிருண்டோ ரஸ்டிகா என்று பேர் வைத்தார். ரஸ்டிகா என்றால் கிராமத்தான். நம்ம கட்சி!

* * *

ஊர்தான் தெரியவில்லை. அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். "மெட்ராஸ் வந்துடுங்கப்பா" என்று நானும் என் மனைவியும் கேட்காத மாதம் இல்லை. "பார்ப்போம்" என்பார். அந்தப் 'பார்ப்போம்'முக்கு வயசு மூன்று. வீட்டை விற்றுவிட்டால் வேறு வழியில்லாமல் வந்துவிடுவார் என்று ஒரு புரோக்கரிடம்கூடச் சொல்லிவைத்திருந்தேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தீபாவளிக்குப் போகும்போது சொல்வதாகத் திட்டம்.

குருவியை நான் வர்ணிக்க ஆரம்பித்ததுமே அப்பா குறுக்கிட்டார். "கம்பியில வரிசையா உக்காருமே, அதைச் சொல்றியா? ஐப்பசிக் குருவிடா அது."

"அப்படி ஒரு பேரு இருக்காப்பா?"

"நான் வச்ச பேருதான். ஐப்பசி பொறந்தா கம்பி நெறஞ்சிரும். சித்திரை வெயில் ஏற ஏற ஒண்ணொண்ணா காணாமப் போயிரும். நேத்து சாயங்காலம் நம்ம வீட்டு போஸ்டுக்கும் அடுத்த போஸ்டுக்கும் நடுவுல முப்பத்தி நாலு இருந்துச்சு."

"எண்ணுவீங்களா?"

"வேற என்ன வேலை எனக்கு?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

கொஞ்சம் பொறுத்து அவரே பேசினார். "முப்பது வருஷமா பாக்கறேன். எங்கேருந்து வருதுங்க, எங்க போவுதுங்கன்னு மட்டும் தெரியலை. கண்டுபிடிச்சேன்னா எனக்கும் சொல்லு."

பந்தயம் இப்போது பிரியாணியைத் தாண்டிவிட்டது.

* * *

"இந்தக் குருவி எங்கே போகிறது?" என்பது அப்பாவின் கேள்வி மட்டும் இல்லை. ரொம்பப் பெரிய ஆட்கள் எல்லாம் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில், சில தகைவிலான்கள் குளிர்காலத்தில் பொந்துகளில் இறகு உதிர்ந்து பதுங்கிக் கிடக்கும் என்று எழுதிவைத்தார். அரிஸ்டாட்டில் சொன்னால் மறுபேச்சு உண்டா? சுமார் ரெண்டாயிரம் வருஷம் ஐரோப்பா அதையே நம்பியது. 1555-ல் ஓலாஸ் மேக்னஸ் என்கிற ஸ்வீடன் பாதிரியார் ஒரு படி மேலே போய், அவை ஏரிக்கு அடியில் போய்த் தூங்குகின்றன என்று எழுதி, மீனவர்கள் வலை போட்டு மீனோடு குருவியையும் இழுப்பது போலப் படமும் போட்டார். சிரிக்காதீர்கள். ஏரிக்கரை நாணலில் ராத்திரி ஆயிரக்கணக்கில் அடைகிறது, ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. தண்ணீருக்குள் போயிருக்கும் என்று நினைத்தார்கள். அந்தக் காலத்து வாட்ஸ்அப்!

சந்தேகத்தைத் தீர்த்தவர் ஒரு வக்கீல். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷைர் பக்கம், ஜான் மேஸ்ஃபீல்டு என்று பேர். 1911 மே மாதம் தன் வீட்டில் கூடு கட்டியிருந்த ஒரு தகைவிலானின் காலில் குட்டி வளையம் ஒன்றை மாட்டி விட்டார். 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதியில் ஒரு பண்ணை வீட்டுக்குள் அந்தக் குருவி பிடிபட்டது. வளையத்தில் இருந்த விலாசத்துக்கு அங்கிருந்து கடிதம் போட்டார்கள். கிட்டத்தட்ட பத்தாயிரம் கிலோமீட்டர்! நாலைந்து ரூபாய் நாணயம் கனம் உள்ள ஒரு உயிர், பாஸ்போர்ட் இல்லாமல், ஆபீஸில் லீவு சொல்லாமல் போயிருக்கிறது. ஏரிக்கு அடியில் யாரும் தூங்கவில்லை.

ஐரோப்பாவில் பிறக்கிறவை ஆப்பிரிக்கா போகின்றன. ஆசியாக்காரர்கள் நம் பக்கமும், பர்மா, தாய்லாந்து, மலேசியா பக்கமும் வருகிறார்கள். பாங்காக்கில் சீலம் ரோடு என்று ஒரு பெரிய கடைத்தெரு. அங்கே விளக்கு வெளிச்சத்தில், டிராஃபிக் சத்தத்தில், மின்கம்பிகளில் ஆயிரமாயிரமாக அடைவது ரொம்பக் காலம் உலகப் பிரசித்தம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகருக்குப் பக்கத்தில் ஒரு நாணல் காட்டில் லட்சக்கணக்கில் கூடும். அதற்குப் பக்கத்திலேயே 2010-ல் பெரிய விமான நிலையம் வந்தபோது, குருவிக் கூட்டத்தைக் கவனிக்கத் தனியாக ரேடார் வைத்தார்கள். விமானத்துக்கு வழிவிடு என்று குருவியிடம் சொல்ல முடியாது அல்லவா?

நம் நாட்டிலும் 1959-லிருந்து சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையம் மாட்டி விட்டார்கள். நம் சென்னைக்காரர் மா. கிருஷ்ணன் 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை, நாற்பத்தாறு வருஷம், ஒரே பத்திரிகையில் காடு, பறவை, மிருகம் என்று பத்தி எழுதினார். எனக்கு ஆறாவது வாரமே சரக்கு தீர்ந்து, கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

* * *

ஒரு வாரம் முடிந்தது. டீ நேரம். பதினாலு பேரும் ஆஜர். பிரியாணி என்றால் அட்டெண்டன்ஸ் நூறு சதவிகிதம்.

"பேரு, தகைவிலான். ஊரு, சைபீரியா!" என்றேன் கம்பீரமாக.

"பேரு கரெக்ட் சார். ஊரு அரை மார்க்" என்றாள் அந்தப் பெண்.

"ஏம்மா?"

"வடக்கேயிருந்து வர்ற எல்லாத்தையும் நாம சைபீரியான்னு சொல்லிடறோம். இது காஷ்மீர்லேருந்து இமயமலை நெடுகக் கூடு கட்டுது சார். அதைத் தாண்டி ஆசியாவோட வடபாதி முழுக்கக் கட்டுது. எல்லாப் பக்கத்துலேருந்தும் இங்கே வரும். இந்தக் கம்பியில மூணாவதா உட்கார்ந்திருக்கே, அது லடாக்கா, மங்கோலியாவான்னு காலில் வளையம் இருந்தாத்தான் சொல்ல முடியும்."

அரை மார்க் என்பதால் பில்லும் பாதிப் பாதி. எட்டு பிரியாணி என்னுடைய கணக்கு. ஆனால் சாப்பிட்டுக்கொண்டே அவள் சொன்ன கதைகள் எட்டு பிரியாணிக்கும் மேல் பெறும்.

கல்யாணம் ஆகாத தம்பிமார்கள் கவனிக்கவும். 1988-ல் டென்மார்க்கில் மோலர் என்கிற ஆராய்ச்சியாளர் ஒரு வேலை செய்தார். தகைவிலானில் ஆணுக்குத்தான் வால் இழை நீளம். சில ஆண்களைப் பிடித்து வாலைக் கத்தரித்தார். கத்தரித்த துண்டை வேறு சில ஆண்களின் வாலில் ஒட்டவைத்து நீளமாக்கினார். நீள வால்காரர்களுக்குச் சீக்கிரமே ஜோடி கிடைத்தது. குட்டை வால்காரர்கள் நாளும் கிழமையுமாகக் காத்துக்கிடந்தார்கள்.

"பார்த்தீங்களா, நான் லோன் போட்டு பைக் வாங்கினது தப்பே இல்லை" என்றான் டெஸ்பாட்ச் தம்பி.

"முழுசாக் கேளு. இரவல் வாலை வச்சிக்கிட்டு அதுங்களால சரியாப் பறந்து இரை பிடிக்க முடியலை. அடுத்த வருஷம் அதுங்களுக்கு முளைச்ச சொந்த வால், முன்னைவிடக் குட்டை" என்றாள்.

தம்பி அதற்கப்புறம் பிரியாணியில் கவனம் செலுத்தினான். இருபத்திரண்டு தவணை பாக்கியாம்.

இன்னொரு கதை. 1974-ல் ஐரோப்பாவின் நடுப்பகுதியில் குளிர் முந்திக்கொண்டது. தெற்கே கிளம்ப வேண்டிய தகைவிலான்கள், பனியில் பூச்சி கிடைக்காமல், ஆல்ப்ஸ் மலையைத் தாண்டத் தெம்பில்லாமல் கொத்துக் கொத்தாக விழுந்தன. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஜனங்கள் அவற்றைப் பொறுக்கி, அட்டைப்பெட்டியில் வைத்து, ரயிலிலும் விமானத்திலும் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பறக்கவிட்டார்கள். லட்சக்கணக்கான குருவிகள்! எத்தனை பிழைத்தது என்று யார் எண்ணினார்கள்? ஆனால் குருவிக்கு டிக்கெட் எடுத்த மனுஷர்களும் இந்த உலகத்தில் இருந்திருக்கிறார்கள்.

ஜப்பானில் கடை வாசலிலும் ரயில் நிலையத்திலும் தகைவிலான் கூடு கட்டினால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுவார்கள். எச்சம் தலையில் விழாமல் இருக்கக் கூட்டுக்குக் கீழே ஒரு பலகை அடித்துவிடுவார்கள். களிமண்ணை வாயில் கவ்வி வந்து உருண்டை உருண்டையாக ஒட்டி அது கட்டுகிற கிண்ணம் அது. அடுத்த வருஷம் திரும்பி வந்து அதே வீட்டை, பல சமயம் அதே கூட்டையே ரிப்பேர் செய்து குடியேறும்.

எனக்கு அந்த விஷயம்தான் மனசில் தங்கியது. அதே வீடு.

* * *

தீபாவளிக்கு முதல் நாள் ஊருக்குப் போனேன். பையில் பட்டாசு, ஸ்வீட், அந்தப் பெண்ணிடம் இரவல் வாங்கிய பைனாகுலர். மனசில் புரோக்கர்.

சாயங்காலம் திண்ணையில் அப்பா. எதிரே கம்பி. சம்பா நடவு முடிந்த வயலுக்கு மேலே தகைவிலான்கள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்துகொண்டிருந்தன. பறந்தபடியே ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின.

"ஏம்ப்பா, கரண்ட் கம்பியில உக்காருதே, ஷாக் அடிக்காதா?" என்றான் என் பையன்.

ரிட்டயர் ஆன லைன்மேனிடம் கேட்கக் கூடிய கேள்வியா இது? அப்பா முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "ரெண்டு காலையும் ஒரே கம்பியில வச்சிருக்கு பாரு, அதனால ஒண்ணும் ஆவாது. ஒரு கால் இந்தக் கம்பியில, இன்னொரு கால் அடுத்த கம்பியிலன்னு வச்சாத்தான் ஆள் காலி. போஸ்ட்ல ஏறுற ஆளுக்கும் அதே சட்டம்தான்."

பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, போட்டு, திருகி, ஒரு வழியாகக் குறி வைத்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"கழுத்து செவப்பாடா இது!" என்றார்.

"தெரியாதாப்பா?"

"கறுப்பு வெள்ளைன்னுல்ல நெனச்சிருந்தேன். நான் போஸ்ட்ல ஏறினா எழும்பிப் போயிரும். எறங்கினா தூரத்துல தெரியும். இப்பத்தான்டா மூஞ்சியைப் பாக்கறேன்." திரும்பவும் பார்த்தார். "ஒங்கம்மா கேப்பா, அது என்ன நெறம்னு. கறுப்புன்னே சொல்லிட்டேன்."

நான் இமயமலையையும் வட ஆசியாவையும் சொன்னேன். வக்கீல் மாட்டிய வளையத்தைச் சொன்னேன். முட்டை போட்ட அதே வீட்டுக்குத் திரும்பிப் போவதைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "அடேங்கப்பா" என்றார்.

"அப்ப அதுக்குச் சொந்த ஊரு எதுடா? அதுவா, இதுவா?"

"பிறக்கறது, குஞ்சு பொரிக்கறது எல்லாம் அங்கதாம்ப்பா."

"வருஷத்துல பாதிக்கு மேல சோறு தின்னறது?"

"இங்க."

"அப்ப ரெண்டும்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ரேஷன் கார்டில் எந்த ஊரைப் போடுவது என்கிற கவலை குருவிக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன். "அப்பா, இந்த வீட்டை..."

"புரோக்கர் வந்திருந்தாரு" என்றார் கம்பியைப் பார்த்தபடியே. "போன வாரம். அளந்துகிட்டுப் போனாரு. ஒன்னைக் கேக்கலாம்னு இருந்தேன். நீயே சொல்லுவேன்னு விட்டுட்டேன்."

எனக்கு வாய் மூடவில்லை, பேச்சும் வரவில்லை. கோபித்துக்கொண்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் மனைவி உள்ளேயிருந்து காபி கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அப்பாதான் பேசினார். "தனியா இருந்தா நீ பயப்படறே. நாயமான பயம்தான். போன மாசம் கிணத்தடியில வழுக்கி விழுந்தேன். ஒங்கிட்ட சொல்லலை. நீயும் என்கிட்ட சொல்லலை, நானும் ஒன்கிட்ட சொல்லலை. கணக்கு சரியாப் போச்சு."

"அப்பா..."

"ஒண்ணு செய்வோம். இதுங்க இருக்கிறவரைக்கும் நான் இங்க இருக்கேன். ராத்திரித் துணைக்கு எதுத்த வீட்டுப் பையனைப் படுக்கச் சொல்றேன். சித்திரையில இதுங்க கெளம்பினதும் நானும் கெளம்பி ஒன் வீட்டுக்கு வந்துடறேன். கோடைக்கு இங்க என்ன இருக்கு? திரும்ப இதுங்க வர்ற சமயத்துல என்னைக் கொண்டாந்து விட்டுடு. வீடு இருக்கணும்ல? எங்க வந்து எறங்கறது?"

மூன்று வருஷமாகப் 'பார்ப்போம்' என்றவர், மூன்றே நிமிஷத்தில் டைம்டேபிள் போட்டுவிட்டார். நான் உள்ளே போய் புரோக்கருக்குப் போன் செய்தேன். அவர் திட்டியதை இங்கே அச்சடிக்க முடியாது.

* * *

சொன்னது சொன்னபடி சித்திரை இரண்டாவது வாரம் அப்பா வந்து இறங்கினார். கையில் ஒரு பை, ஒரு குடை, அரை மூட்டை அரிசி. கம்பி காலியானதற்கு மறுநாளே டிக்கெட் எடுத்துவிட்டாராம். கடைசியாகக் கிளம்பியது மூன்று குருவிகளாம். பஸ் பிடிக்காமல் போயிருக்குமே என்று என் பையன் கவலைப்பட்டான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். கனடா மாதிரி நாடுகளில் தகைவிலான் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது. பூச்சி குறைந்தது ஒரு காரணம், கூடு கட்டப் பழைய கொட்டகைகள் குறைந்தது இன்னொரு காரணம் என்கிறார்கள். பள்ளிக்கரணைக்கு 2022-ல் ராம்சார் அந்தஸ்து கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த பிறகு இருப்பதையாவது விட்டுவைத்தால் தேவலை. வீடு இருக்கணும்ல? எங்க வந்து எறங்கறது?

ஆகவே அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில், பஸ் ஸ்டாப்பில் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிக் கம்பியைப் பாருங்கள். வெற்றிலைத் தொண்டை, மஃப்ளர், ஊசி வால். மூன்றும் இருந்தால் அவர்தான். பந்தயம் மட்டும் கட்டாதீர்கள், யார் கையில் பைனாகுலர் இருக்கிறது என்று தெரிவதில்லை.

இந்த ஆவணி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போனேன். அப்பா மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார். சதுப்பு நிலப் பக்கமாக விரலை நீட்டினார். ஒரே ஒரு தகைவிலான், தாழ்வாகப் பறந்து திரும்பியது.

"ஐப்பசிக் குருவின்னு பேரு வச்சது தப்புடா. ஆவணியிலயே வருது" என்றார். அப்புறம், "உழவன் எக்ஸ்பிரஸ்ல ஒரு டிக்கெட் போட்டுடு. கீழ் பர்த்தாப் பாரு."

ஒரு டிக்கெட் போட்டேன். சித்திரைக்குத் திரும்பி வரவும் இப்போதே ஒன்று போடப் பார்த்தேன். அவ்வளவு முன்னாடி புக்கிங் கிடையாதாம்.